நாற்பத்தொன்றாவது பந்து

அரபிக்கடலோரத்தில் பூவாந்துறை என்று ஒரு ஊர். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில் அந்த ஊரிலிருந்து ஆழ்கடலுக்குப் போன நாற்பத்தியொரு ஆண்களை ஒரு புயல் கொண்டுபோனது. ஒரு உடல்கூடத் திரும்பவில்லை, ஒரு செருப்புகூடக் கரை ஒதுங்கவில்லை. அதற்குப் பதினான்கு மாதம் கழித்து, கடலைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள் வாழும் ஒரு மலை நகரத்து மைதானத்தில், அதே ஊர்க்காரன் பெர்க்மான்ஸ், இந்திய அணியின் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்று, தன் வாழ்க்கையின் முதல் சர்வதேசப் பந்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு புல்லில் விழுந்தபோது, பந்துக்குள்ளிருந்து ராயப்பன் பேசினான்.

“எம்மா, தீயக் கொறை. மீனு கரியுது.”

ராயப்பன் அந்த நாற்பத்தியொரு பேரில் ஒருவன். மூக்கால் பேசுகிறவன், அதனால் அவன் குரலை யாரும் மாற்றி நினைக்க முடியாது. பெர்க்மான்ஸுக்குப் பயம் வரவில்லை. அந்த வீட்டு அடுப்பில் எப்போதும் மீன் கரியும், ஊருக்கே தெரியும், சரியாகத்தானே சொல்லுகிறான் என்றுதான் தோன்றியது. நடுவர் விரலை மடக்கி விநாடி எண்ணத் தொடங்கியிருந்தார். அவன் எழுந்து பந்தை இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரனுக்கு உருட்டிவிட்டான். ஆட்டம் முடியும்வரை அந்தப் பந்தின்மீது வைத்த கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் நேராக நடுவரிடம் போய் இரண்டு கையையும் நீட்டினான். முதல் ஆட்டம் ஆடிய பையனின் ஆசை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள்.

அவன் அதற்கு முன் நான்கு வருஷம் அணியின் மூன்றாவது கோல்கீப்பராக இருந்தவன். மூன்றாவது கோல்கீப்பர் என்றால் பயிற்சியில் மற்றவர்கள் உதைத்துப் பழகுவதற்கும், பயணத்தில் பந்து மூட்டை சுமப்பதற்கும், குழுப் புகைப்படத்தில் ஓரத்தில் நிற்பதற்கும் ஆன ஆள். புயல் அடித்த அன்றும் அவன் ஒரு முகாமில் பந்து மூட்டை சுமந்துகொண்டுதான் இருந்தான். அவனுடைய அண்ணன் கிளீட்டஸ் கடலில் இருந்தான். அப்பன் செத்த பிறகு வீட்டில் ஒருவன் வள்ளம் ஏற வேண்டும், ஒருவன் விளையாடப் போகலாம் என்ற நிலை வந்தபோது, கிளீட்டஸ் எதுவும் பேசாமல் வள்ளம் ஏறியவன். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. முதல் கோல்கீப்பருக்கு விரல் முறிந்தது, இரண்டாமவனுக்குக் காய்ச்சல் வந்தது. அப்படித்தான் பெர்க்மான்ஸுக்கு அந்த மலை நகரத்து ஆட்டம் கிடைத்தது, அன்று ஆடிய விதத்தில் இடம் அவனுக்கே நிலைத்தது.

பந்தைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்து இரண்டரை நாள் ரயிலில் வந்து சேர்ந்தான். ராயப்பனின் தாய் வியாகுலம் முற்றத்தில் குந்தியிருந்து சாளை செதிள் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவன் விஷயத்தைச் சொன்னான். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பந்தை வாங்கி, காதோடு அழுத்தினாள். நெடுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு பந்தைப் பார்த்து, “கொறச்சாச்சு மக்கா” என்றாள்.

எழுந்து உள்ளே போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்துதான் அழத் தொடங்கினாள்.

அடுத்த ஆட்டத்துக்கு முன் பெர்க்மான்ஸ் ஊரில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் மற்றவர்களும் பந்தில் வருவார்கள் என்று ஊர் ஏற்கனவே முடிவு பண்ணியிருந்தது. கோயில் முற்றத்தில் பெரிய டிவி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். நாற்பத்தியொரு வீட்டுப் பெண்களும் தங்கள் தங்கள் பாயோடு வந்து உட்கார்ந்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் அவன் பிடித்த முதல் பந்தில் சிலுவைதாசன், “வலைய நிழல்ல போடுங்க, வெயில்ல போட்டா நூலு செத்துப்போவும்” என்றான். மூன்றாவதில் அந்தோனிமுத்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு இருமினான். அவனுடைய மனைவி அந்த இருமலைக் கேட்டு, மருந்து குடிக்காமலே போனாரே என்று தலையில் அடித்துக்கொண்டாள். போய்வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. மன்னித்துவிடு என்று யாரும் சொல்லவில்லை. வாழ்ந்த நாட்களில் ஏதோ ஒரு நாளின் ஏதோ ஒரு பேச்சு, அவ்வளவுதான் ஒவ்வொரு பந்திலும் இருந்தது. பெண்களுக்கு அது போதுமானதாக இருந்தது, சிலருக்கு அதுதான் வேண்டியதாகவும் இருந்தது.

ஒரு ஆட்டத்துக்கு ஒருவன்தான் வருவான் என்பதை ஊர் சீக்கிரமே புரிந்துகொண்டது. முதலில் கையில் படும் பந்தில்தான் வருவான், வந்தவன் மறுபடி வரமாட்டான். நெஞ்சோடு சேர்த்து அணைத்துவிட்டால் குரல் உள்ளேயே தங்கிவிடும், அதன்பிறகு யார் உதைத்தாலும் போகாது. கையில் பட்டு நழுவினாலோ, குத்தி வெளியே தள்ளினாலோ, காற்றோடு கலந்துவிடும் என்று ஊர் பயந்தது. இதெல்லாம் தெரிந்த பிறகு பூவாந்துறைப் பெண்கள் கால்பந்தை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினார்கள். எதிரணி முன்வரிசை ஆட்டக்காரர்களுக்காகச் செபமாலை சொன்னார்கள். பெயர் வாயில் நுழையாத நாடுகளின் பையன்களை, “ஓடு மக்கா, ஓங்கி அடி, நேராட்டு அடி” என்று பாயிலிருந்தபடியே ஏவினார்கள். நம்முடைய தற்காப்பு ஆட்டக்காரன் எவனாவது அழகாகச் சறுக்கிப் பந்தைப் பறித்தால், “இவனுக்கு என்ன கேடு, வீடு வாசல் இல்லியா” என்று வைதார்கள். எதிரணி ஒருமுறைகூடக் கோலை நோக்கி அடிக்காத ஒரு மாலையில் இந்தியா நான்கு கோல் போட்டு ஜெயித்தது. பூவாந்துறையில் அன்று ஒரு வீட்டிலும் சோறு பொங்கவில்லை.

பந்துகளை என்ன செய்வது என்பதில்தான் கொஞ்ச காலம் குழப்பம் இருந்தது. சிலர் அரிசிப் பானைமேல் வைத்தார்கள், சிலர் மாதா சொரூபத்துக்குக் கீழே வைத்தார்கள், அந்தோனிமுத்துவின் மனைவி தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். பத்து மாதம் ஆனபோது ராயப்பனின் குரல் மெலியத் தொடங்கியது. பந்தில் காற்று இறங்குகிறது என்று தெரிந்தது. சைக்கிள் கடை எட்வின், தான் இலவசமாகவே காற்றடித்துத் தருவதாகச் சொல்லி பம்போடு வந்து நின்றான். பங்கு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வியாகுலம்தான் எழுந்து பேசினாள்.

“உள்ள இருக்கது எனக்க மவனுக்க மூச்சு. அதுல இவன் பம்பு வெச்சு ரோட்டுக் காத்த அடிச்சா, பொறவு பேசுகது யாரு?”

எட்வின் பம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான். குரல் மெலிந்து, வார்த்தை போய், மூக்குச் சத்தம் மட்டும் மிஞ்சி, அதுவும் போய், பந்து வாடிய கத்தரிக்காய்போல் தளர்ந்து கிடந்த அன்று வியாகுலம் பங்குச்சாமியிடம் போய், இப்போது அடக்கம் வைக்கலாம் என்றாள். சாமி ஆயருக்குக் கடிதம் எழுதினார். ஆயர் ஆமென்றும் சொல்லாமல் அல்லவென்றும் சொல்லாமல், இரங்கலோடு ஆசீர் அனுப்பி ஒரு பதில் எழுதினார். அந்தக் கடிதத்தை மடித்து அங்கியில் வைத்துக்கொண்டு சாமியே கல்லறைத் தோட்டத்துக்கு முன்னே நடந்தார். முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி, அகலம் இரண்டு சாண். அந்த ஊரில் கடலில் செத்த ஒருவனுக்கு மண்ணில் கிடைத்த முதல் குழி அது. அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் ஏழெட்டுக் குழிகள் வெட்டப்பட்டன. கல்லறைத் தோட்டத்தின் மேற்கு வரிசை முழுக்கச் சின்னச் சின்ன மேடுகளாக ஆனது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பார்த்துவிட்டு, இத்தனை குழந்தைகள் எப்படிச் செத்தன என்று கேட்பார்கள்.

அணியின் பயிற்சியாளர் நொரோனா கோவாக்காரர், அறுபது வயது, அதிகம் பேசமாட்டார். ஆட்டம் முடிந்ததும் பெர்க்மான்ஸ் ஒரு பந்தை இடுக்கிக்கொண்டு வருவதை மூன்று தடவை பார்த்தவர், நான்காவது தடவை உடை மாற்றும் அறையில் கையை நீட்டி வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டார்.

“என்ன சொல்கிறான்?”

“மழைக்கு முந்தி ஓடு மாத்தணும்ங்கான், சார்.”

நொரோனா தலையை ஆட்டினார். தன்னுடைய அப்பாவும் கடலுக்குப் போனவர்தான் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. பேசும்படி ஆனது பெர்க்மான்ஸின் ஆட்டத்தால்தான்.

ஏனென்றால் கோல்கீப்பராக நிற்கிற எவனுக்கும் தெரியும், அணைக்க வேண்டிய பந்து வேறு, குத்த வேண்டிய பந்து வேறு. கூட்டத்துக்கு மேலே சுழன்று வரும் கார்னர் பந்தைக் குத்த வேண்டும். நனைந்த பந்து முகத்துக்கு நேராகச் சீறி வந்தால் தட்டிவிட வேண்டும். பெர்க்மான்ஸ் எதையும் குத்தவில்லை, தட்டவில்லை. முதல் பந்து எப்படி வந்தாலும் அதை நெஞ்சுக்குக் கொண்டுவரப் பார்த்தான், ஆறு பேர் முழங்கைக்கு நடுவில் எம்பி அணைத்தான், மூக்குடைந்தான், ஒருமுறை விலா எலும்பில் கீறல் விழுந்ததோடு ரத்தம் துப்பிக்கொண்டு பந்தை விடாமல் கிடந்தான். பத்திரிகைகள் அவனை நாட்டின் மிகத் துணிச்சலான கோல்கீப்பர் என்று எழுதின. அவன் பேட்டி கொடுக்கமாட்டான் என்பதையும் எளிமை என்று எழுதின. விமான நிலையங்களில் ஆட்கள் அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள், அவன் சிரித்தபடி நின்றான், நிற்கும்போது மனத்துக்குள் இன்னும் இருபத்திரண்டு, இன்னும் இருபத்தொன்று என்று ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு மழை நாளில், அணைக்கக்கூடாத பந்து ஒன்றை அணைக்கப் போய் அது கையுறையில் வழுக்கி, தோளில் பட்டு, பின்னால் கோலுக்குள் உருண்டது. தொட்ட அந்த நொடியில் அது செபஸ்தியான் என்று அவனுக்குத் தெரிந்தது. வலையிலிருந்து பந்தை எடுத்துக் காதில் வைத்தான். மழைச் சத்தம்தான் கேட்டது. இந்தியா அந்த ஒரு கோலில் தோற்றது. ஊருக்கு வெறுங்கையோடு வந்தவனிடம், எஞ்சியிருந்த பதினேழு வீட்டுக்காரர்களும், “யாரு? யாரு?” என்று கேட்டார்கள். அவன், தெரியவில்லை, கேட்கவில்லை என்று பொய் சொன்னான். கடைசியில் ஒவ்வொருவராக வந்து, செபஸ்தியான் மட்டும் வராமலே போனபோதுதான், அன்று நழுவியது யார் என்று செபஸ்தியானின் மனைவி பனியம்மாள் புரிந்துகொள்ளப் போகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அடுத்த வருஷம் இன்னொருவன் அப்படியே நழுவினான். அவன் பெயரையும் பெர்க்மான்ஸ் யாரிடமும் சொல்லவில்லை, நழுவியது அண்ணன் இல்லை என்று மட்டும் வீட்டில் சொன்னான். அவனுக்குத் தூக்கம் குறைந்தது.

நொரோனா அவனைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“உன் ஊருக்கு நீ செய்வதை நான் தடுக்கவில்லை. ஆனால் பத்துப் பேர் உன் முன்னால் ஓடுகிறார்கள். அவர்களுக்கும் நீதான் கடைசி ஆள். குத்த வேண்டியதைக் குத்து.”

“சரி சார்,” என்றான். அடுத்த ஆட்டத்திலும் அணைத்தான்.

இந்த வருஷங்கள் முழுக்க அவனுடைய வீட்டில் இரண்டு பெண்கள் இரண்டு விதமாகக் காத்திருந்தார்கள். தாய் திரேசம்மாள் கோயில் முற்றத்தில் முதல் பாய் விரிப்பாள். ஒவ்வொரு ஆட்டத்துக்குக் கிளம்பும்போதும் அவன் இரண்டு உள்ளங்கையிலும் சிலுவை போட்டு, “இந்த மட்டமாவது அண்ணனக் கொண்டு வந்திரு மக்கா” என்பாள். ஒவ்வொரு முறையும் வேறு ஒரு வீட்டுப் பந்தோடு அவன் இறங்குவான். அவள் அந்த வீட்டுக்குக் கூடவே போய், அவர்களோடு அழுதுவிட்டு வருவாள்.

கிளீட்டஸின் மனைவி மெற்றில்டா ஒருநாளும் டிவி பார்க்கப் போகவில்லை. அவள் அங்கன்வாடியில் வேலை பார்த்தாள். சனிக்கிழமைதோறும் கிளீட்டஸின் சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்து, காயவைத்து, தேய்த்து, திரும்ப வைத்தாள். அடைத்துவைத்த வாடை வந்தால் அவருக்குப் பிடிக்காது என்பாள். ஐந்து சட்டைகளில் இரண்டு துவைத்துத் துவைத்தே நைந்துபோயிருந்தன. முப்பத்தெட்டு பந்துகள் ஊர் வந்து, இரண்டு நழுவிப்போய், ஒரே ஒருவன் மட்டும் வராமலிருந்த அந்தக் கடைசி வருஷத்தில், பெர்க்மான்ஸ் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் வாசலில் வந்து நின்றாள். அவனுக்கு முப்பத்தாறு வயது. இதுதான் அவனுடைய கடைசி ஆட்டம் என்று நொரோனா சொல்லியிருந்தார். ஜெயித்தால் நாடு இதுவரை போகாத ஒரு சுற்றுக்குப் போகும், அங்கே நிற்பதற்கு இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் தயாராக இருந்தான்.

“தம்பி, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளுங்க மைனி.”

“அவியளுக்க பந்து வந்தா, நீ கைய எடுத்துரு.”

அவன் மடித்துக்கொண்டிருந்த சட்டை கையிலேயே நின்றது.

“பந்து வந்த வீட்டுல எல்லாம் இப்போ குழி இருக்கு. எனக்க வீட்டுல குழி வேண்டாம். நாப்பது பேரு பந்துல வந்தாச்சு, போயாச்சு. இவிய ஒருத்தருதான் வரல்ல. ஏன் வரல்ல? பந்துக்குள்ள அடையிற ஆளு இல்ல இவிய. எங்கியோ கரை பிடிச்சிருக்காவ. எந்தத் தேசத்து ஜெயில்லயோ கெடக்காவ. வள்ளத்துல போனவரு வள்ளத்துலதான் வருவாரு.”

எட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை. அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டதை அவன் கவனித்தான். அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“மைனி, அம்மை...”

“மாமிக்கு மவன் செத்தாலும் மவன்தான். எனக்கு அப்பிடி இல்ல.”

அவன் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அரைமணி நேரம் கழித்து உள்ளங்கையில் சிலுவை போட்ட தாய்க்கும் கொடுக்கவில்லை. இந்த முறை அவள் அண்ணனைக் கொண்டுவரச் சொல்லவில்லை. கையை மட்டும் வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்கியது. அறுபதாயிரம் பேர் என்றார்கள். இந்தியா இருபதாவது நிமிஷத்தில் ஒரு கோல் போட்டது, அதன்பிறகு பத்துப் பேரும் பின்னால் இறங்கிச் சுவர்போல் நின்றார்கள். அவ்வளவு அருமையாகத் தற்காத்து அந்த அணி அதற்கு முன் ஆடியதே இல்லை. எதிரணி அடித்த எல்லாம் ஒன்று மேலே போனது, அல்லது யாருடைய காலிலாவது பட்டுத் திரும்பியது. பெர்க்மான்ஸ் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எந்தப் பந்தையும் கையால் தொடவில்லை. காலால் தொட்டதெல்லாம் கணக்கில்லை. முப்பது வருஷம்போல் நீண்ட அந்த நேரத்தில் அவன் கோல் கோட்டுக்கு முன்னால் இங்கும் அங்கும் நடந்தான், கையுறையைக் கழற்றி உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தான், திரும்பப் போட்டான். வரட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தான், வரவேண்டாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தான்.

எண்பத்துநான்காவது நிமிஷத்தில் நம் ஆட்டக்காரன் ஒருவன் பெட்டிக்குள் ஒருவனைத் தள்ளினான். நடுவர் பெனால்டி புள்ளியைக் காட்டினார். மைதானம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. கோட்டுக்கு வெளியிலிருந்து நொரோனா இரண்டு கையாலும் தள்ளிக் காட்டினார்: வெளியே, வெளியே.

பன்னிரண்டு கஜம் தூரத்தில், வெள்ளைப் புள்ளியில் பந்து இருந்தது. அதற்குள் அண்ணன் இருந்தான். பெர்க்மான்ஸ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஊரும் நாடும் அம்மாவும் மைனியும் ஒருவர்பின் ஒருவராக அவனைவிட்டுப் போனார்கள். உதைக்கிறவனின் இடது பாதம் எங்கே ஊன்றுகிறது என்பது மட்டும் மிஞ்சியது. அது பெர்க்மான்ஸுக்கு இடப்பக்கம் பார்த்து ஊன்றியது. அவன் இடப்பக்கம் பாய்ந்தான். பந்து கம்பத்தின் உட்பக்கத்து மேல்முனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கையையும் கொண்டுபோயிருந்தால் எட்டியிருக்குமா என்று பிறகு எத்தனையோ நாள் அவன் தன்னையே கேட்டுக்கொண்டான். அன்று போனது ஒரு கை. நடுவிரலும் மோதிர விரலும் பந்தின் அடியில் பட்டன. பந்து மேல்கம்பத்துக்கு மேலே எழும்பிக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது.

அறுபதாயிரம் பேர் எழுந்து கத்தினார்கள். பத்துப் பேர் ஓடிவந்து அவன்மேல் விழுந்தார்கள். அவர்களுக்கு அடியில், புல்லில் முகம் புதைந்து, அவன் அழுதுகொண்டிருந்தான். அந்தப் படம் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, ஆனந்தக் கண்ணீர் என்று.

பூவாந்துறையில் கோயில் முற்றத்தில் யாரும் கத்தவில்லை என்று அவனுக்குப் பிறகு சொன்னார்கள். நாற்பது வீட்டுப் பெண்களும் திரேசம்மாளைத் திரும்பிப் பார்க்கப் பயந்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பனியம்மாள்தான் எழுந்து வந்து, திரேசம்மாளின் பாயில் பக்கத்தில் உட்கார்ந்தாளாம். திரேசம்மாள், “போயிட்டான்” என்றாளாம்.

திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கியதிலிருந்து மாலையும் ஜீப்பும் கொடியுமாக அவனைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் நிறுத்திப் பட்டாசு வெடித்தார்கள். ஊர் எல்லையில் பங்குச்சாமியும் ஊராரும் நின்றார்கள். பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்த பேண்ட் வாத்தியக்காரர்கள் உதட்டில் குழலை வைத்தபடி சாமியைப் பார்த்தார்கள். சாமி தலையசைத்து, வேண்டாம் என்றார். அவர்கள் குழலை இறக்கினார்கள். மாலைகளைக் கழுத்தில் போடுவதா என்று தெரியாமல் ஆட்கள் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அவனோடு நடந்தார்கள். ஜெயித்தவனை வரவேற்பதுபோலவும் இருந்தது, சவத்துக்குப் பின்னால் போவதுபோலவும் இருந்தது. வீட்டு வாசல் வந்ததும் மாலைகளை வேலியில் தொங்கவிட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

தாய் சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றி வைத்தாள். அவன் கை கழுவி உட்கார்ந்தான். சாப்பிட முடியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மெற்றில்டா உள்ளறையிலிருந்து வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் கையில் கிளீட்டஸின் நீலச் சட்டை இருந்தது. அன்று சனிக்கிழமைகூட இல்லை.

“நான் சொன்னதுக்காட்டா தட்டிவிட்டே?” என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்காக என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு ஆறுதல், அல்லது ஒரு பழி, ஏதோ ஒன்று கிடைத்திருக்கும்.

“இல்ல மைனி. ஒங்கள நெனைக்கல்ல. அம்மையையும் நெனைக்கல்ல. கை தன்பாட்டுல போச்சு.”

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, எட்டு வருஷமாகக் கேட்காமலிருந்ததைக் கேட்டாள்.

“அவியதானா?”

“ஆமா.”

அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. திரேசம்மாள் போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் ஒருத்திக்கு மகன் செத்தும் ஒருத்திக்குப் புருஷன் சாகாமலும் இருந்த அந்த வீட்டில், இரண்டு பேரும் முதல்முறையாக ஒரே சாவுக்கு அழுதார்கள். பெர்க்மான்ஸ் எச்சில் கையோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழம்பு ஆறிப்போனது.

வெகுநேரம் கழித்து மெற்றில்டா சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“என்ன சொன்னாவ?”

“ஒண்ணும் சொல்லல்ல மைனி. சொல்ல வாயெடுத்தான். அதுக்குள்ள பந்து போச்சு. மூச்ச இழுத்தது மட்டும் கேட்டுது.”

“எப்பிடி இழுத்தாவ?”

“எப்பிடின்னா...”

“செய்து காட்டு.”

அவன் கையைத் தட்டின் விளிம்பில் துடைத்தான். கண்ணை மூடினான். இரண்டு விரலின் நுனியில் அந்தத் தொடுகை இன்னும் இருந்தது. மூக்கும் வாயும் சேர்ந்து, குட்டையாக, தொண்டையின் பின்பக்கத்தில் லேசாக உரசுகிறமாதிரி ஒரு மூச்சை இழுத்தான்.

இரண்டு பெண்களும் அசையவில்லை.

“இன்னொருக்கா,” என்றாள் மெற்றில்டா.

அவன் இழுத்தான்.

திரேசம்மாள்தான் அதைக் கேட்டாள். கேட்பதற்கு முன் மருமகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “மோளே, தண்ணிக்குள்ள போற ஆளு இழுக்குற மூச்சா இது?”

மெற்றில்டா அந்த மூச்சை ஒவ்வொன்றாகத் தனக்குத் தெரிந்த மூச்சுகளோடு வைத்துப் பார்க்கிறவள்போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதம்தான் அவள் அவனோடு வாழ்ந்தது. அந்த எட்டு மாதத்தின் அத்தனை மூச்சையும் அவள் எண்ணி முடிக்கும்வரை மற்ற இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

“இல்ல மாமி,” என்றாள் கடைசியில். “இது பயந்த மூச்சு இல்ல. களைச்ச மூச்சும் இல்ல. எதாவது கேலி சொல்லப்போறதுக்கு முந்தி, சிரிப்பு வந்துரக்கூடாதேன்னு இழுத்துப் பிடிப்பாவ. அந்த மூச்சு.”

திரேசம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

“இன்னும் ஒருக்கா தம்பி,” என்றாள் மெற்றில்டா. “இதுதான் கடைசி. பொறவு கேக்கமாட்டேன்.”

பெர்க்மான்ஸ் கண்ணை மூடி, தன் அண்ணனின் மூச்சை மூன்றாவது முறை இழுத்தான். இழுத்துவிட்டு, எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம், வெளியே விடாமல் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.